தானியங்கி வழங்கி அமைவாக்கத்தில் செயலிழப்பைக் கையாளுதல்

பல வழங்கிகளின் அமைப்புகளை, எழுதிவைத்த கட்டளைத் தொகுப்பின்படி, ஒரே இடத்திலிருந்து மென்பொருளே செய்து முடிப்பது தானியங்கி வழங்கி அமைவாக்கம் எனப்படும். இந்தப் பணி நடக்கும்போது சில வழங்கிகள் பதில் தராமல் போகலாம். சில பதில் தந்தும் கொடுத்த வேலையைச் செய்ய முடியாமல் நிற்கலாம். அப்போது மற்ற வழங்கிகளில் பணி தொடர வேண்டுமா, நிற்க வேண்டுமா, விடுபட்டவற்றைப் பின்னர் எப்படிச் சேர்ப்பது என்பவற்றை முன்கூட்டியே வரையறுப்பதே செயலிழப்பைக் கையாளுதல் ஆகும். இக்கட்டுரை அன்சிபிள் என்னும் மென்பொருளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வடசென்னைத் துறைமுக, தொழிற்பகுதியின் சூழலில் இதனை விளக்குகிறது.

## பின்னணி

வழங்கிகள் ஐந்தோ பத்தோ இருந்த காலத்தில் நிர்வாகி ஒவ்வொன்றிலும் நுழைந்து கையால் கட்டளைகளை இட்டார். எண்ணிக்கை நூற்றைத் தாண்டியபோது இது இயலாததாயிற்று. 1993இல் நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்கெஸ் உருவாக்கிய சிஎஃப்எஞ்ஜின், இத்துறையின் முன்னோடி மென்பொருள். பின்னர் 2005இல் பப்பெட், 2009இல் செஃப், 2011இல் சால்ட் ஆகியவை வந்தன. மைக்கேல் டிஹான் எழுதிய அன்சிபிள் 2012இல் வெளியானது. 2015இல் ரெட் ஹாட் நிறுவனம் அதனை வாங்கியது. எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1966இல் வெளியிட்ட புதினம் ஒன்றில், எவ்வளவு தொலைவிலிருந்தும் உடனுக்குடன் செய்தி அனுப்பும் கற்பனைக் கருவிக்கு வைத்த பெயரே அன்சிபிள்.

இம்மென்பொருள்கள் இரு முறைகளில் இயங்குகின்றன. பப்பெட் போன்றவை இழுக்கும் முறையைச் சார்ந்தவை. ஒவ்வொரு வழங்கியிலும் ஒரு முகவர் நிரல் இருக்கும். அது இயல்பாக 30 நிமிடங்களுக்கு ஒருமுறை மையத்தைக் கேட்டு, புதிய அமைவை எடுத்துக்கொள்ளும். அணைந்து கிடந்த வழங்கி மீண்டும் எழுந்தால் தானாகவே விட்ட இடத்தைப் பிடித்துவிடும்.

அன்சிபிள் தள்ளும் முறையைச் சார்ந்தது. வழங்கியில் முகவர் நிரல் தேவையில்லை. கட்டுப்பாட்டுக் கணினி, எஸ்எஸ்எச் வழியாக ஒவ்வொரு வழங்கிக்கும் சென்று வேலையைச் செய்துவிட்டுத் திரும்புகிறது. நிறுவுவது எளிது. ஆனால் பணி நடந்த நேரத்தில் அணைந்து கிடந்த வழங்கிக்கு, தான் எதைத் தவறவிட்டோம் என்பது தெரியாது. அதை நினைவில் வைத்திருக்க வேண்டிய பொறுப்பு பணியை இயக்கியவரிடமே இருக்கிறது. இதனால்தான் தள்ளும் முறையில் செயலிழப்பைக் கையாளுவது தனிக் கவனம் பெறுகிறது.

## தோல்வியும் தொடர்பின்மையும்

அன்சிபிள் செயலிழப்பை இரண்டாகப் பிரிக்கிறது. வழங்கியை அடைந்து, கட்டளையை இயக்கி, அது வெற்றி பெறவில்லை என்றால் 'ஃபெயில்டு', அதாவது தோல்வி. வட்டில் இடம் இல்லை, கேட்ட மென்பொருள் தொகுப்பு கிடைக்கவில்லை, அமைவுக் கோப்பில் பிழை ஆகியவை இவ்வகை. வழங்கியையே அடைய முடியவில்லை என்றால் 'அன்ரீச்சபிள்', அதாவது தொடர்பின்மை. மின்வெட்டு, அறுந்த கண்ணாடி இழை, தவறான கடவுச்சாவி ஆகியவை இவ்வகை.

தோல்வியில் வழங்கியின் நிலையைப் பற்றி ஒரு செய்தி கிடைக்கிறது. தொடர்பின்மையில் எந்தச் செய்தியும் கிடைப்பதில்லை. வழங்கி அணைந்திருக்கலாம், நன்றாக இயங்கிக்கொண்டு, வழி மட்டும் அடைபட்டிருக்கலாம், பாதி வேலை முடிந்த நிலையில் தொடர்பு அறுந்திருக்கலாம். இந்த மூன்றும் கட்டுப்பாட்டுக் கணினிக்கு ஒன்றுபோலவே தெரியும்.

இந்த வேறுபாடு வடசென்னைக் கடற்கரைக்குப் புதியதல்ல. இந்தியத் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டவை. 1, 2 ஆகியவை தொலைவில் உருவாகியிருக்கும் காற்றழுத்தத் தாழ்வையும் புயலையும் குறிப்பவை. 3, 4 ஆகியவை துறைமுகத்துக்கான உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11ஆம் எண் இவற்றிலிருந்து வேறுபட்டது. வானிலை எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என உள்ளூர் அலுவலர் கருதுகிறார் என்பதே அதன் பொருள்.

புயலின் நிலை தெரியாதபோது பழைய கூண்டை அப்படியே விட்டுவைக்காமல், செய்தி வரவில்லை என்பதையே ஒரு தனி நிலையாக இந்த முறை அறிவிக்கிறது. அந்த நிலையில் முடிவெடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் அது சொல்லிவிடுகிறது. தானியங்கி அமைவாக்கத்திலும் தொடர்பின்மையை வெற்றியாகவோ தோல்வியாகவோ எண்ணாமல், தனி நிலையாக நடத்துவதே முறையானது.

## அன்சிபிளின் இயல்பான நடத்தை

ஒரு சரக்கு முகவர் நிறுவனத்துக்கு ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களில் நான்கு நான்காக 12 வழங்கிகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். சரக்குப் பெட்டகங்களின் வாயில் அனுமதி, எடைமேடைக் கணக்கு, சுங்க ஆவணங்கள் ஆகியவற்றை அவை கவனிக்கின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் பெட்டக லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பது இப்பகுதி மக்கள் நன்கறிந்த காட்சி. வாயில் வழங்கி அரைமணி நேரம் நின்றால்கூட அந்த வரிசை நீளும். ஓட்டுநரின் அன்றைய நடை குறையும்.

இந்த 12 வழங்கிகளில் அன்சிபிள் ஒரு பிளேபுக்கை, அதாவது பணித்தொகுப்பை, இயக்கும்போது பின்வருமாறு நடந்துகொள்ளும்:

- பணிகளை வரிசைப்படி எடுத்து, முதல் பணியை எல்லா வழங்கிகளிலும் முடித்த பின்னரே இரண்டாவது பணிக்குச் செல்லும். ஒரே நேரத்தில் இயல்பாக 5 வழங்கிகளைக் கையாளும்.
- ஒரு வழங்கியில் பணி தோற்றால் அந்த வழங்கியை மட்டும் பட்டியலிலிருந்து விலக்கிவிட்டு, மற்றவற்றில் தொடரும்.
- தொடர்பு கிடைக்காத வழங்கியையும் அவ்வாறே விலக்கும். இணைப்புக்காகக் காத்திருக்கும் இயல்பான நேரம் 10 விநாடி.
- எல்லா வழங்கிகளும் விலக்கப்பட்டால் பணி அங்கேயே நிற்கும்.
- இறுதியில் ஒவ்வொரு வழங்கிக்கும் எத்தனை பணி சரியாக முடிந்தது, எத்தனை மாற்றம் செய்தது, எத்தனை தோற்றது, தொடர்பு இருந்ததா என்று ஒரு சுருக்கத்தைக் காட்டும்.

விலக்கப்பட்ட வழங்கியில் ஏற்கனவே செய்த மாற்றங்களை அன்சிபிள் திரும்பப் பெறாது. பத்துப் பணிகளில் ஆறு முடிந்து ஏழாவது தோற்றால், அந்த வழங்கி ஆறு பணிகளின் மாற்றத்தோடு நின்றுவிடும். அது பழைய நிலையிலும் இல்லை, புதிய நிலையிலும் இல்லை. முற்றிலும் தவறிய வழங்கியைவிட இத்தகைய அரைகுறை வழங்கியே கூடுதல் தொல்லை தரும்.

## மறைந்திருக்கும் அரைகுறை நிலை

ஒரே பணித்தொகுப்பை எத்தனை முறை இயக்கினாலும் இறுதி நிலை மாறாதிருப்பது இத்தகைய மென்பொருள்களின் அடிப்படைப் பண்பு. கோப்பு ஏற்கனவே சரியாக இருந்தால் மீண்டும் எழுதப்படாது. எனவே தோற்ற வழங்கியில் காரணத்தைச் சரிசெய்து மறுபடி இயக்கினால் போதும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு.

அமைவுக் கோப்பு மாறினால் மட்டும் சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்பதற்காக அன்சிபிளில் 'ஹேண்ட்லர்' என்னும் பணிவகை இருக்கிறது. மாற்றம் நடந்த பணி அதற்கு அறிவிப்புக் கொடுக்கும். ஹேண்ட்லர் இயல்பாகத் தொகுப்பின் கடைசியில்தான் இயங்கும். இப்போது மூன்றாவது பணி வாயில் வழங்கியின் அமைவுக் கோப்பை மாற்றி, அறிவிப்பும் கொடுத்துவிட்டது. ஐந்தாவது பணி தோற்கிறது. வழங்கி விலக்கப்படுவதால் ஹேண்ட்லர் இயங்காது. வட்டில் புதிய கோப்பு இருக்கும். நினைவகத்தில் பழைய அமைவோடு சேவை ஓடிக்கொண்டிருக்கும்.

நிர்வாகி ஐந்தாவது பணியின் பிழையைத் திருத்தி மறுபடி இயக்குகிறார். மூன்றாவது பணி கோப்பைப் பார்க்கிறது. அது ஏற்கனவே சரியாக உள்ளது, ஆகவே மாற்றம் இல்லை. மாற்றம் இல்லாததால் அறிவிப்பு இல்லை. அறிவிப்பு இல்லாததால் மறுதொடக்கமும் இல்லை. சுருக்கம் முழு வெற்றி என்று காட்டும். சேவை பழைய அமைவிலேயே வாரக்கணக்கில் ஓடும். என்றோ ஒரு நாள் மின்தடையால் வழங்கி மறுதொடக்கம் ஆகும்போது, எல்லோரும் மறந்துபோன புதிய அமைவு முதன்முறையாக நடைமுறைக்கு வரும். அதில் பிழை இருந்தால் அன்றுதான் தெரியும்.

இதைத் தவிர்க்க 'ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ்' என்னும் அமைவு உதவும். இடையில் பணி தோற்றாலும், அறிவிப்புப் பெற்ற ஹேண்ட்லர்களை அது இயக்கிவிடும். ஆனால் தொடர்பே அறுந்த வழங்கியில் இதுவும் பயன்படாது. முக்கியமான கோப்பு மாறியவுடன், கடைசிவரை காத்திராமல் அந்த இடத்திலேயே ஹேண்ட்லர்களை இயக்கச் சொல்வது கூடுதல் பாதுகாப்பு. மறு இயக்கத்தின்போது சேவை தொடங்கிய நேரத்தையும் கோப்பு மாறிய நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு பணியையும் சேர்க்கலாம்.

## கட்டுப்படுத்தும் அமைவுகள்

இயல்பான நடத்தையை மாற்ற அன்சிபிள் பல அமைவுகளைத் தருகிறது. ஒவ்வொன்றும் தோல்வி, தொடர்பின்மை ஆகிய இரண்டில் எதற்கு உரியது என்பதை அறிந்து பயன்படுத்த வேண்டும்.

'இக்னோர் எர்ரர்ஸ்': பணி தோற்றாலும் வழங்கியை விலக்காமல் தொடரும். இது தோல்விக்கு மட்டுமே உரியது, தொடர்பின்மையைத் தாண்டாது. தோற்றால் பாதகமில்லை என்று உறுதியாகத் தெரிந்த பணிக்கு மட்டும் இடலாம். சிவப்பு எழுத்தைக் காணப் பிடிக்காமல் எல்லாப் பணிகளுக்கும் இட்டால், உண்மையான பிழையும் அதில் மறைந்துபோகும்.

'இக்னோர் அன்ரீச்சபிள்': 2.7ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. தொடர்பு கிடைக்காத வழங்கியை விலக்காமல் அடுத்த பணியிலும் முயலும். இதனை முழுத் தொகுப்புக்கும் இட்டால், அணைந்த ஒரு வழங்கிக்காக ஒவ்வொரு பணியிலும் 10 விநாடி வீணாகும். 30 பணிகள் இருந்தால் 300 விநாடி.

'ரீட்ரைஸ்': நிபந்தனை நிறைவேறும்வரை பணியைத் திரும்பச் செய்யும். இயல்பாக 3 முறை, 5 விநாடி இடைவெளியில். சேவை எழுந்துவர நேரம் எடுக்கும் இடங்களுக்கு இது பொருந்தும். வழங்கியே எழுந்துவரக் காத்திருக்க 'வெயிட் ஃபார் கனெக்‌ஷன்' என்னும் தனிக் கூறு இருக்கிறது. அதன் இயல்பான காத்திருப்பு 600 விநாடி.

'பிளாக்', 'ரெஸ்க்யூ', 'ஆல்வேஸ்': சில பணிகளை ஒரு தொகுதியாகக் கட்டி, அதில் ஏதேனும் தோற்றால் மீட்புப் பணிகளை இயக்கும் அமைப்பு. பழைய கோப்பைத் திரும்ப வைப்பது, வாயிலைக் கைமுறைப் பதிவுக்கு மாற்றுவது போன்றவற்றை மீட்புப் பகுதியில் எழுதலாம். தொடர்பின்மை இந்த மீட்புப் பகுதியைத் தூண்டாது. அடைய முடியாத வழங்கிக்குள் சென்று எதையும் மீட்க முடியாது.

'சீரியல்': எல்லா வழங்கிகளிலும் ஒரே நேரத்தில் செய்யாமல் அணி அணியாகச் செய்யும். பிழையான அமைவு முதல் அணியோடு நின்றுவிட இது வழிசெய்கிறது.

'மேக்ஸ் ஃபெயில் பெர்சன்டேஜ்': அணியில் எத்தனை விழுக்காடு வரை தோல்வியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதைக் குறிக்கும். அந்த எண்ணைத் தாண்டினால்தான் பணி நிற்கும், சமமானால் நிற்காது. நான்கு வழங்கிகள் கொண்ட அணியில் இரண்டு தோற்றால் நிற்க வேண்டும் என்றால், 50 என்று எழுதாமல் 49 என்று எழுத வேண்டும்.

'எனி எர்ரர்ஸ் ஃபேட்டல்': ஒரு வழங்கி தவறினாலும், அந்தப் பணியை அணியில் உள்ள மற்றவற்றில் முடித்துவிட்டு, எல்லா வழங்கிகளிலும் நிற்கும். எல்லா வழங்கிகளும் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டிய தரவுத்தள மாற்றம் போன்றவற்றுக்கு இது ஏற்றது.

எதைத் தேர்வது என்பது பணியின் இயல்பைப் பொறுத்தது. பாதுகாப்புத் திருத்தம் 12 வழங்கிகளில் 11இல் சேர்ந்தால் அது நன்மையே. ஒன்றுக்காக மற்றவற்றை நிறுத்திவைக்கக் கூடாது. வாயில்களுக்கிடையே செய்தி வடிவத்தை மாற்றும் பணி 11இல் முடிந்து ஒன்றில் முடியாவிட்டால், அந்த ஒரு வாயிலுக்கு வரும் லாரிகள் அனைத்தும் நிற்கும். அங்கே முழுவதும் நிற்பதே நல்லது.

## ஒரே இடத்தில் சேர்ந்து விழும் வழங்கிகள்

விழுக்காட்டுக் கணக்கு, வழங்கிகள் தனித்தனியே பழுதாகும் என்ற எண்ணத்தில் அமைந்தது. கடலோரத் தொழிற்பகுதியில் அவ்வாறு நடப்பதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது மின்கம்பங்களும் மரங்களும் சாய்ந்து, பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கடலடிக் கேபிளில் ஏற்பட்ட சேதத்தால் இணைய வேகம் குறைந்ததாக ஏர்டெல் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் மழையாலும் மாநகரின் பல பகுதிகள் வெள்ளத்திலும் இருளிலும் மூழ்கின. இத்தகைய நாளில் ஒரு பகுதியின் வழங்கிகள் அனைத்தும் ஒன்றாகவே மறைந்துவிடும்.

மேலே சொன்ன நிறுவனத்தின் பட்டியலில் முதலில் எண்ணூரின் நான்கு, பிறகு திருவொற்றியூரின் நான்கு, கடைசியில் ராயபுரத்தின் நான்கு என்று எழுதப்பட்டு, அணிக்கு நான்கு என அமைக்கப்பட்டிருக்கட்டும். எண்ணூரில் மின்சாரம் இல்லை என்றால் முதல் அணி முழுவதும் விலக்கப்படும். அணி முழுவதும் விழுந்ததால் பணி அங்கேயே முடியும். நன்றாக இயங்கும் ராயபுரம் வழங்கிகளுக்குத் திருத்தம் போய்ச் சேராது.

அதே 12 வழங்கிகளை அணிக்கு மூன்றாக, ஒவ்வொரு அணியிலும் இடத்துக்கு ஒன்றாகக் கலந்து எழுதினால், ஒவ்வொரு அணியிலும் ஒன்று மட்டும் விடுபடும். மற்ற இரண்டில் பணி நடக்கும். நான்கு அணிகளும் முடிந்தபின் எட்டு வழங்கிகள் புதிய நிலையிலும், எண்ணூரின் நான்கும் தொடாத நிலையிலும் இருக்கும். யாருக்கு என்ன நடந்தது என்பதும் தெளிவாக இருக்கும்.

தொடர்பற்ற வழங்கிகள் விழுக்காட்டுக் கணக்கில் சேரும் என்று நம்பியிருக்கக் கூடாது. பணியின் தொடக்கத்திலேயே, பட்டியலில் உள்ள மொத்த வழங்கிகளையும் இன்னும் தொடர்பில் உள்ள வழங்கிகளையும் எண்ணி ஒப்பிட்டு, வேறுபாடு வரம்பைத் தாண்டினால் நிற்கும்படி ஒரு சோதனைப் பணியை வெளிப்படையாக எழுதுவது நல்லது. இந்த இரு பட்டியல்களும் அன்சிபிளில் ஆயத்த மாறிகளாகவே கிடைக்கின்றன.

## மெர்ஸ்க் நிகழ்வு, 2017

தொடர்பற்ற வழங்கியை எப்படி நடத்த வேண்டும் என்பதற்குத் துறைமுக உலகமே ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்னும் தீநிரல், உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணக்கியல் மென்பொருளின் புதுப்பிப்பு வழியாகப் பரவியது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் கடுமையாகத் தாக்கப்பட்டது. அக்குழுமம் நடத்திய முனையங்கள் பல நாடுகளில் முடங்கின. மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் உள்ள முனையமும் அவற்றுள் ஒன்று. 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் 2,500 செயலிகளையும் பத்து நாள்களில் மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது என்று அந்நிறுவனத்தின் தலைவர் 2018 ஜனவரியில் தாவோஸ் கூட்டத்தில் தெரிவித்தார்.

பயனர் கணக்குகளையும் அனுமதிகளையும் காத்துவந்த கட்டுப்பாட்டு வழங்கிகள் உலகெங்கும் ஏறத்தாழ 150 இருந்தன. அவை ஒன்றையொன்று தானாகவே ஒத்திசைத்துக்கொள்பவை. ஒன்று போனால் மற்றொன்று இருக்கும் என்பதே திட்டம். எல்லாமே ஒரே நேரத்தில் அழிந்தபோது அந்தத் திட்டம் பயன்படவில்லை. கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே மின்வெட்டு. வழங்கி பிணையத்தில் இல்லை. அதிலிருந்த தரவு வன்வட்டில் எடுக்கப்பட்டு, நைஜீரியா வழியாக ஆள் கையில் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மீட்புப் பணிக்கு அடித்தளமாயிற்று.

தொடர்பில் இருந்தவை அழிந்தன. தொடர்பற்றிருந்தது நிறுவனத்தை மீட்டது. தொடர்பில்லாத வழங்கியைச் செத்ததாகக் கருதிப் பட்டியலிலிருந்து நீக்குவதும், அது திரும்பி வந்தவுடன் எதையும் பார்க்காமல் புதிய அமைவை அதன்மேல் எழுதுவதும் ஒரேயளவு ஆபத்தானவை. அதில் வேறெங்கும் இல்லாத தரவு இருக்கலாம். சரக்குப் பெட்டகக் கிடங்கில் தொடர்பு அறுந்திருந்த நேரத்தில் பதிவான எடைக் கணக்கு, அந்த வழங்கியில் மட்டுமே இருக்கக்கூடும்.

## விடுபட்டவற்றை மீண்டும் சேர்த்தல்

பணி முடிந்ததும் விடுபட்ட வழங்கிகளின் பட்டியல் கைவசம் இருக்க வேண்டும். அன்சிபிள் தவறிய வழங்கிகளை 'ரீட்ரை' கோப்பு ஒன்றில் எழுதிவைக்க வல்லது. முன்பு இயல்பாகவே எழுதிவந்த இந்த வசதி, 2.8ஆம் பதிப்பு முதல் தானாக இயங்குவதில்லை. வேண்டுவோர் அமைவில் இயக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கோப்பை 'லிமிட்' தெரிவுடன் கொடுத்தால் விடுபட்டவற்றில் மட்டும் பணி மீண்டும் நடக்கும்.

திரும்பி வந்த வழங்கிக்குப் பின்வரும் வரிசை பொருத்தமானது:

1. முதலில் தொடர்பை மட்டும் சோதித்தல். எந்த மாற்றமும் செய்யாதிருத்தல்.
2. உள்ளே வேறெங்கும் இல்லாத தரவு இருந்தால் நகலெடுத்தல்.
3. 'செக்' முறையில் இயக்கி, எவை மாறும் என்று மட்டும் பார்த்தல்.
4. பணித்தொகுப்பை முழுவதும் இயக்குதல்.
5. அமைவு மாறிய சேவைகள் உண்மையில் மறுதொடக்கம் ஆயினவா என்று உறுதிசெய்தல்.
6. அதன்பின் அந்த வழங்கிக்குப் பயனர்களை அனுப்புதல்.

அடிக்கடி தொடர்பு அறும் இடங்களில் 'அன்சிபிள் புல்' என்னும் கருவியையும் பயன்படுத்தலாம். வழங்கி தானே குறித்த இடைவெளியில் பணித்தொகுப்பை இழுத்து இயக்கிக்கொள்ளும். அப்போது விடுபட்டதை நினைவில் வைக்கும் சுமை நிர்வாகியிடமிருந்து குறைகிறது. ஆனால் எந்த வழங்கி எந்த நிலையில் உள்ளது என்பதை மையத்தில் அறியத் தனிக் கண்காணிப்பு தேவைப்படும்.

எந்த முறையைக் கையாண்டாலும், எந்தப் பணிக்கு நிற்பது, எந்தப் பணிக்குத் தாண்டிச் செல்வது, எதற்குக் காத்திருப்பது என்பதைப் பணித்தொகுப்பை எழுதும்போதே முடிவுசெய்து அதிலேயே எழுதிவைக்க வேண்டும். துறைமுகத்தில் 11ஆம் கூண்டின் பொருள் புயல் வருவதற்கு முன்பே வரையறுக்கப்பட்டிருப்பதைப் போல, தொடர்பின்மைக்கான முடிவும் தொடர்பு இருக்கும்போதே எடுக்கப்பட வேண்டியது.